ஹாப்ஸ் கொடியும் பகலின் நீளமும்: பெங்களூரின் பீர் வரலாற்றில் கவனிக்கப்படாத ஒரு காரணி

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில், தொட்டியில், ஹாப்ஸ் வளருமா? மாடித் தோட்ட ஆர்வலர்களிடையே அவ்வப்போது எழும் இக்கேள்வி பொழுதுபோக்குத் தோட்டக்கலையைச் சேர்ந்ததாகவே தோன்றும். ஆயின் அதற்கு வழக்கமாகத் தரப்படும் விடையைச் சற்று உற்று நோக்கினால், காலனிய அறிவுலகம் தென்னிந்திய நிலத்தை எவ்வாறு வாசித்தது, எதைக் காணத் தவறியது, வீட்டில் மது வடிக்கும் உரிமை எவ்வாறு அரசின் கைக்குச் சென்றது என்னும் பெரிய வினாக்களுக்கு அது வழி திறக்கிறது.

வழக்கமான விடை இதுதான்: 'ஹாப்ஸ் குளிர்நாட்டுப் பயிர், பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இதமான ஊர், ஆகவே முயன்றால் ஓரளவு வளரும், குளிர் போதாததால் நன்றாக வராது.' இவ்விடை முழுவதும் தவறன்று. எனினும் முதன்மைக் காரணத்தை அது தவற விடுகிறது. ஹாப்ஸ் கொடிக்குப் பெங்களூரில் பெரிதும் போதாதது குளிரன்று. கோடைப் பகலின் நீளம்.

1. கசப்பின் பயன்

ஹாப்ஸ், தாவரவியலில் 'ஹியூமுலஸ் லூபுலஸ்' எனப்படும் பல்லாண்டுக் கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண், பெண் கொடிகள் தனித்தனி. பெண் கொடியின் கூம்பு வடிவப் பூங்கொத்துகளே பீர் வடிப்பிற்குப் பயன்படுபவை. அவற்றின் மடல்களுக்கிடையே மஞ்சள் மகரந்தம் போலக் காணப்படும் லூபுலின் சுரப்பிகளில் ஆல்ஃபா அமிலங்களும் நறுமண எண்ணெய்களும் உள்ளன. முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த சாற்றுடன் கொதிக்கும்போது ஆல்ஃபா அமிலங்கள் வடிவம் மாறிக் கசப்பைத் தருகின்றன. அவை மதுவைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பலவற்றை ஒடுக்குகின்றன. ஈஸ்ட்டின் வேலையைத் தடுப்பதில்லை. ஹாப்ஸின் வரலாற்று வெற்றிக்கு அடிப்படை இந்த வேறுபாடே.

ஐரோப்பாவிலும் ஹாப்ஸ் தொடக்கம் முதல் பீரின் பகுதியாக இருந்ததில்லை. கோர்பி மடத்தின் தலைவர் அடல்ஹார்டு 822இல் வகுத்த விதிகளில் வடிப்போடு தொடர்புபடுத்தி ஹாப்ஸ் குறிப்பிடப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் பிங்கனைச் சேர்ந்த ஹில்டகார்டு, பானங்கள் கெடாமல் காக்கும் அதன் தன்மையை எழுதினார். அதற்கு முன்னும் பின்னும் பல நூற்றாண்டுகள் வெவ்வேறு மூலிகைக் கலவைகளே பீருக்கு மணமூட்டின. 1516இல் பவேரியா பிறப்பித்த ஆணை பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டும் அனுமதித்தது. இங்கிலாந்தில் ஹாப்ஸ் சேராத 'ஏல்', ஹாப்ஸ் சேர்ந்த 'பீர்' என்னும் வேறுபாடு நெடுங்காலம் பேச்சுவழக்கில் நிலவியது. ஆக, ஹாப்ஸின் பரவல் என்பது சுவை மாற்றத்தின் கதை மட்டுமன்று. அண்டை வீட்டாருக்காக வடிக்கப்பட்டுச் சில நாள்களில் குடித்து முடிக்கப்பட்ட ஒரு பானம், பீப்பாயில் அடைபட்டுத் தொலைவு செல்லும் வணிகப் பண்டமாக மாறிய கதையும் அது.

2. ஹாப்ஸ் இல்லாத வடிப்பு மரபு

இந்த மாற்றத்தைத் தமிழ்நிலத்தின் பழைய வடிப்பு முறைகளுடன் ஒப்பிடுதல் தகும். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பைப் பேசும் இடத்தில் அரிசிக் கள் ஆக்கும் முறையைப் படிப்படியாக விவரிக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல், அகன்ற தட்டில் ஆற வைத்தல், நொதிக்கச் செய்யும் அடையைக் கலத்தல், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்தல், சாடியில் முதிர விடுதல் எனச் செய்முறையின் வரிசை துல்லியமாக அமைகிறது. இல்லத்திலேயே ஆக்கப்படும் 'தோப்பி' என்னும் நெற்கள்ளையும் அந்நூல் அறிந்திருக்கிறது. தானியத்தை நொதிக்க வைத்து வீட்டில் ஆக்கும் பானம் என்ற பொருளில், பீரின் உறவினர் தமிழ்நிலத்தில் பழமையானவர். இங்கு கவனிக்கத்தக்கது காலம். சமைத்த களி இரண்டு நாளில் பானமாகிறது. பானம் உடனே பருகப்படுகிறது. நெடுநாள் காக்கும் தேவை எழாத இடத்தில், காக்கும் கசப்புப் பொருளுக்கும் தேவை எழவில்லை.

காக்கும் நுட்பங்களே இங்கு இல்லை என்பது இதன் பொருளன்று. பனஞ்சாறு புளித்துக் கள்ளாகாமல் பதநீராகவே நிற்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவும் வழக்கம், நொதித்தலைக் கட்டுப்படுத்தும் தெளிந்த அறிவைக் காட்டுகிறது. வெள்வேலம் பட்டை சேர்த்து வடித்த மது 'பட்டைச் சாராயம்' எனப்பட்டது. பட்டையின் துவர்ப்பொருள் சாற்றிலுள்ள புரதக் கலங்கலைப் படியச் செய்யும் என்பது 19ஆம் நூற்றாண்டுப் பொருளியல் தாவர நூல்களில் இடம்பெற்ற விளக்கம். ஹாப்ஸிலுள்ள துவர்ப்பொருளும் கொதிகலத்தில் இதே போன்ற பணியைச் செய்கிறது. நுட்பத்தின் தேவை ஒத்திருந்தது. அதற்குக் கிடைத்த செடி வேறாக இருந்தது.

3. தண்டும் பீப்பாயும்

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் அங்கு நிறுத்தப்பட்ட ஆங்கிலேயப் படை காய்ச்சலால் நலிந்தது. 1809இல் அது பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அவ்வாறு உருவான ராணுவக் குடியிருப்பே தமிழிலும் கன்னடத்திலும் 'தண்டு' எனப்பட்டது. படையைப் பின்தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வணிகரும் கைவினைஞரும் சுமையாள்களும் சமையற்காரரும் வந்து குடியேறினர். பெங்களூர்த் தண்டின் அன்றாட மொழியாகத் தமிழ் ஊன்றிய பின்னணி இதுவே. 1898ஆம் ஆண்டின் பிளேக் கொள்ளைநோய் நெருக்கடியான குடியிருப்புகளின் அபாயத்தை உணர்த்தியது; அதன் பின் தண்டின் வடகிழக்கில் திட்டமிட்ட விரிவுகள் எழுந்தன. பிரேசர் டவுனும் அதையடுத்த காக்ஸ் டவுனும் அவ்விரிவுகளைச் சேர்ந்தவை. ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர்களை அவை இன்றும் தாங்கி நிற்கின்றன.

படையின் தொடக்ககால மது சாராயமே. அது மலிவானது, உள்ளூரில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் ராணுவ மருத்துவர்களும் மதுவிலக்கு இயக்கத்தாரும் படைவீரரின் உடல்நலக் கேட்டுக்கும் ஒழுங்கின்மைக்கும் சாராயத்தைக் காரணமாகக் காட்டினர். அதற்கு மாற்றாக அரசு ஊக்குவித்த பானம் பீர். இன்றைய பார்வையில் விந்தையாகத் தோன்றினும், அன்றைய நிர்வாகத்தின் கண்ணில் பீர் ஒருவகைச் சீர்திருத்தம்.

இங்கு பரவலாக நம்பப்படும் ஒரு கதையைத் திருத்திக்கொள்வது நல்லது. இந்தியாவுக்கான நீண்ட கடற்பயணத்தில் பீர் கெட்டுப்போனதாகவும், லண்டனைச் சேர்ந்த ஹாட்ஜ்சன் ஹாப்ஸை மிகுதியாகச் சேர்த்து 'இந்தியா பேல் ஏல்' என்னும் புதிய வகையைக் கண்டுபிடித்ததாகவும் அக்கதை கூறும். மார்ட்டின் கார்னெல் போன்ற பீர் வரலாற்றாய்வாளர்கள் இதை மறுத்துள்ளனர். வெப்பநாட்டுக்கு அனுப்பும் பீருக்குக் கூடுதல் ஹாப்ஸ் சேர்க்கும் வழக்கம் ஹாட்ஜ்சனுக்கு முன்பே இருந்தது. படையினருக்காகப் 'போர்ட்டர்' என்னும் கரிய பீரும் பெருமளவில் கப்பலேறி நலமாகவே வந்து சேர்ந்தது. ஹாட்ஜ்சனுக்குக் கைகொடுத்தவை கப்பல்துறைக்கு அருகில் இருந்த வடிப்பாலையும் கிழக்கிந்தியக் கப்பல் தலைவர்களுக்கு அவர் அளித்த நீண்ட கடன் தவணையும். 1820களில் பர்ட்டன் நகரத்து வடிப்பாளர்கள் அச்சந்தையில் நுழைந்தனர். கண்டுபிடிப்பாளரின் மேதைமையைக் கொண்டாடும் கதை, கடனும் கப்பலும் சந்தையும் செய்த வேலையை மறைத்துவிடுகிறது.

இறக்குமதிச் செலவைத் தவிர்க்க இந்திய மலைவாழிடங்களில் வடிப்பாலைகள் எழுந்தன. வடக்கே கசௌலியும் சோலனும் மர்ரியும், தெற்கே நீலகிரி. நீலகிரியின் காசில் வடிப்பாலையின் தொடக்கம் 1857. பெங்களூரில் 1885இல் பெங்களூர் புரூயிங் நிறுவனம் தோன்றியது. 1915இல் ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் லீஷ்மன், இவை உள்ளிட்ட தென்னிந்திய வடிப்பாலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். மாட்டுவண்டிகளில் ஏற்றிய பெரும் பீப்பாய்களில் படைகளுக்குப் பீர் சென்ற காலம் அது. அந்நிறுவனத்தின் பழைய வடிப்பாலை நின்ற இடத்தில் இன்று யுபி சிட்டி வணிக வளாகம் நிற்கிறது.

நீர் இங்குள்ளது. பார்லி வட இந்தியாவில் விளைந்தது. எரிபொருளும் உழைப்பும் உள்ளூரில் கிடைத்தன. ஹாப்ஸ் மட்டும் கடல்கடந்து வந்தது. இந்தச் சார்பை நீக்கும் முயற்சி ஏன் தெற்கே வேரூன்றவில்லை என்பதே அடுத்த வினா.

4. வெப்பமானி அளக்காதது

முயற்சி நடைபெற்ற இடமும் வெற்றி பெற்ற இடமும் காஷ்மீர். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சோப்பூருக்கு அருகே ஹாப்ஸ் தோட்டம் இருந்ததை வால்டர் லாரன்ஸ் 1895இல் வெளியிட்ட காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு பற்றிய நூலில் காணலாம். விடுதலைக்குப் பின், 1970களில், இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு ஹாப்ஸ் பயிரிடும் பகுதியாயிற்று. பிற்காலத்தில் பட்டாணி, காலிஃபிளவர் போன்ற காய்கறிகளின் வருமானத்தோடு போட்டியிட முடியாமல் அங்கும் பரப்பு சுருங்கியது. தெற்கே, சின்கோனாவையும் தேயிலையையும் ஏற்றுக்கொண்ட நீலகிரியோ, ஐரோப்பியக் காய்கறிகளை ஏற்றுக்கொண்ட பெங்களூரோ ஹாப்ஸ் நிலமாகவில்லை.

காலனியத் தோட்டக்கலை நிலத்தை வாசித்த முறை பெரும்பாலும் உயரம், வெப்பநிலை, மழை என்னும் மூன்றைச் சார்ந்தது. வெப்பமானி இங்கிலாந்தை நினைவூட்டும் எண்ணைக் காட்டினால் அந்நிலம் இங்கிலாந்தின் பயிரைத் தாங்கும் என்ற ஊகம் அதில் உறைந்திருந்தது. பல பயிர்களில் அவ்வூகம் பலித்தது. சின்கோனா நிலநடுக்கோட்டை அடுத்த ஆண்டிஸ் மலைச்சரிவுகளுக்கு உரியது; நீலகிரியின் பகல் அதற்கு அந்நியமன்று. முட்டைக்கோசும் கேரட்டும் இலைக்காகவும் வேருக்காகவும் பயிராவன. உண்பவருக்கு அவை பூக்காமல் இருப்பதே நல்லது. ஹாப்ஸ் அவ்வாறன்று. அதில் பயன் தருவது பூங்கொத்து. பூக்கும் காலத்தை அக்கொடி தீர்மானிப்பது பகல்–இரவின் நீளத்தைக் கொண்டு.

இவ்வுண்மை அறிவியலுக்குத் தெரிய வந்த வரலாற்றில் ஹாப்ஸின் குடும்பமே முன்னிற்கிறது. பாரிசில் ஜூலியன் டூர்னுவா 1912 முதல் ஜப்பானிய ஹாப்ஸ் செடியையும் சணற்கஞ்சாவையும் ஆராய்ந்தார். பகல் குறுகும்போது, அல்லது இரவு நீளும்போது, அவை முன்கூட்டியே பூப்பதைக் கண்டார். 1914இல் முதல் உலகப் போரில் அவர் இறந்தார், ஆய்வு அறுந்தது. 1920இல் அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் புகையிலை, சோயா ஆகியவற்றைக் கொண்டு இதே உண்மையைப் பொதுவிதியாக நிறுவினர். தாவரங்களின் 'ஒளிக்காலத்துவம்' என்னும் கருத்து அவ்வாறு நிலைபெற்றது. காசில் வடிப்பாலையின் தொடக்கத்துக்கும் இந்த விதிக்கும் இடையே 63 ஆண்டுகள். தென்னிந்தியாவில் வடிப்பாலைகள் எழுந்து, பெருகி, ஒன்றிணைந்த காலம் முழுவதும், இங்கு ஹாப்ஸ் ஏன் கூடாது என்பதை விளக்கும் கருத்துருவே உலகில் இருக்கவில்லை.

1969இல் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ், ஷ்வாபே ஆகியோர் ஹாப்ஸ் பூப்பதைக் கட்டுப்படுத்தும் காரணிகளை விரிவாக வெளியிட்டனர். அவர்கள் காட்டிய வரிசை எளிமையானது. முதலில் கொடி குறிப்பிட்ட எண்ணிக்கையில் கணுக்களை விட்டுப் பருவமெய்த வேண்டும். அதன் பின் பகல், வகைக்கேற்ற ஒரு வரம்பைவிடக் குறுகினால் பூக்கும். பல ஐரோப்பிய வகைகளுக்கு அவ்வரம்பு 16 மணி நேரத்தை ஒட்டியது. கென்ட் பகுதியில் கோடையின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ பதினாறரை மணி நேரம். கொடி பருவமெய்தும்போது பகல் நீண்டிருப்பதால் பூக்காமல் மேன்மேலும் படர்கிறது. ஐந்தாறு மீட்டர் உயரம் ஏறிப் பக்கக்கிளைகள் விடுகிறது. ஜூன் இறுதிக்குப் பின் பகல் குறுகத் தொடங்கியதும், அத்தனை கிளைகளிலும் ஒருசேரப் பூக்கிறது. ஒரே காலத்தில் அறுவடை செய்யத்தக்க விளைச்சல் இவ்வாறு அமைகிறது.

பெங்களூர் ஏறத்தாழ 13ஆம் பாகை வடக்கில் உள்ளது. அதன் மிக நீண்ட பகல் 12 மணி 50 நிமிடத்தை ஒட்டியது. மிகக் குறுகியது 11 மணி 20 நிமிடத்தை ஒட்டியது. உதகையில் ஆண்டின் உச்சப் பகல் இதைவிடவும் சில நிமிடங்கள் குறைவு. உயரம் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டினாலும் பகலின் நீளம் கூடுவதில்லை. ஆகவே இங்கு நட்ட கொடி, கணுக்களின் எண்ணிக்கை நிறைந்தவுடன், இடுப்பளவோ தலையளவோ ஏறிய நிலையிலேயே பூக்கத் தலைப்படுகிறது. கிளைகள் குறைவு, கூம்புகள் சிறியவை, அவையும் ஒரே காலத்தில் முதிர்வதில்லை. கொடி இறக்கவில்லை, பூக்கவும் செய்கிறது என்பதால் 'வளர்கிறது' என்னும் தோற்றம் கிடைக்கிறது. விளைச்சல் மட்டும் கிடைப்பதில்லை. ஸ்ரீநகரின் உச்சப் பகல் ஏறத்தாழ 14 மணி 25 நிமிடம். கென்ட்டுக்கு ஈடாகாவிடினும் பெங்களூரைவிட ஒன்றரை மணி நேரம் மிகுதி. காஷ்மீரின் வெற்றியில் குளிர்காலத்துக்குப் பங்குண்டு, அட்சரேகைக்கும் பங்குண்டு.

இதற்கு நேர்மாறான சான்று தமிழர் சமையலறையிலேயே உள்ளது. சௌசௌ என்னும் கொடிக்காய் மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. லால்பாக் வழியே தென்னிந்தியாவில் பரவியதாகக் கருதப்படுவது. தமிழில் அதன் பெயரே 'பெங்களூர்க் கத்தரிக்காய்'. அது பூக்க 12 மணி நேரத்தை ஒட்டிய பகல் போதும். வடக்கு ஐரோப்பாவின் நீண்ட கோடைப் பகலில் பூக்காமல் காலம் தாழ்த்தும். இரண்டும் அயல்நாட்டுக் கொடிகள். இரண்டும் ஒரே ஊரின் மண்ணையும் காற்றையும் எதிர்கொண்டன. ஒன்று அவ்வூரின் பெயரையே பெற்றது. மற்றொன்று இன்றும் இறக்குமதிப் பொட்டலத்தில் வருகிறது.

5. தொட்டியும் விளக்கும்

ஹாப்ஸ் பூக்கக் கடுங்குளிர் உறக்கம் இன்றியமையாதது என்னும் பாடநூற்கருத்தும் அண்மையில் ஆட்டம் கண்டது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாவர்லி 2019இல் வெளியிட்ட ஆய்வு, உறக்கமும் குளிர்ப்பதமும் இன்றியே ஹாப்ஸ் இயல்பாகப் பூத்து விளைவதைக் காட்டியது. அவ்வாறாயின் எஞ்சும் தடை ஒளி மட்டுமே. ஒளியை விளக்கால் ஈடுசெய்யலாம். தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் பகுதியில், 34ஆம் பாகை தெற்கில், பயிரின் மீது மின்விளக்குகள் எரித்துப் பகலை நீட்டினர். பின்னர் குறுகிய பகலைத் தாங்கும் 'சதர்ன் புரூவர்' போன்ற வகைகளை அங்கேயே உருவாக்கினர். ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தின் வளைகுடாக் கரை ஆய்வு மையம், 28ஆம் பாகையை ஒட்டிய வயலில் எல்இடி விளக்குகளின் துணையுடன் ஆண்டுக்கு இரு அறுவடைகள் எடுத்துக் காட்டியது.

இவற்றைக் காக்ஸ் டவுன் மாடிக்குப் பொருத்தினால் நடைமுறை இவ்வாறு அமையும். ஹாப்ஸின் வேர் ஆழமும் அகலமும் நாடுவது. ஆகவே 50 லிட்டருக்குக் குறையாத, நீர் தேங்காத தொட்டி வேண்டும். ஆண் கொடி தேவையில்லை. பெண் கொடியின் வேர்த்தண்டுத் துண்டோ, தண்டுப் பதியனோ போதும். ஆயின் அயல்நாட்டிலிருந்து வேர்த்தண்டு கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதி வேண்டும். பயணப்பெட்டியில் மறைத்துக் கொணர்வது சட்டமீறல் மட்டுமன்று, நோய்களையும் உடன் கொணர்வது. கொடி ஏறக் கயிறு கட்டி, மாலைக்குப் பின் நான்கு மணி நேரம் மென்விளக்கு எரித்துப் பகலைப் பதினாறு, பதினேழு மணி நேரமாக நீட்ட வேண்டும். ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான செறிவு இதற்குத் தேவையில்லை. இரவு தொடங்கிவிட்டதாகக் கொடி உணராதிருந்தால் போதும். கயிற்றின் உச்சியை எட்டிப் பக்கக்கிளைகள் விட்ட பின் விளக்கை அணைத்தால், இயற்கையின் பன்னிரண்டு மணிப் பகலே பூக்கத் தூண்டும். இங்கு வரலாற்றின் ஒரு திருப்பம் உள்ளது. கென்ட்டின் உழவர் பூக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. பெங்களூரின் பகல் ஆண்டு முழுவதும் வரம்பைவிடக் குறுகியதாதலால், இங்கு விளக்கை அணைப்பவரே அம்மாதத்தைத் தீர்மானிக்கிறார். தடையாக இருந்ததே கட்டுப்பாட்டுக் கருவியாகிறது.

எதிர்பார்ப்பு அளவோடிருத்தல் நன்று. மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோயும் வறண்ட மாதங்களில் சிலந்திப்பேனும் தாக்கும். முதலாண்டின் ஆற்றல் பெரும்பாலும் வேருக்கே செல்லும். பறித்த கூம்பின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். உலர்த்தினால் எஞ்சுவது சிறிதே. இருபது லிட்டர் அளவிலான சாதாரண ஏல் வடிப்புக்கு 30 முதல் 60 கிராம் உலர் ஹாப்ஸ் செல்லும் என்பதை நோக்க, ஓரிரு தொட்டிகளின் விளைச்சல் பொருளாதார முயற்சியாகாது. ஓர் ஆய்வுச் செடியாக, ஒளிக்காலத்துவத்தை மாணவர் கண்முன் நிகழ்த்திக் காட்டும் செடியாக அதன் மதிப்பு மிகுதி. ஒரே வகையின் இரு தொட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் விளக்கெரித்தால், ஒரு பருவத்துக்குள் அட்சரேகையின் பொருள் கண்ணுக்குத் தெரியும்.

6. வளர்க்கும் உரிமை, வடிக்கும் உரிமை

தொட்டியில் ஹாப்ஸ் வளர்ப்பதற்குத் தடையில்லை. அதைக் கொண்டு வீட்டில் பீர் வடிப்பது வேறு செய்தி. 1965ஆம் ஆண்டின் கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது. சொந்தப் பயன்பாடு என்பது அதற்கு விலக்காகாது.

இச்சட்டத்தின் வேர்கள் காலனிய வருவாய்க் கொள்கையில் உள்ளன. 1880இல் பிரிட்டன் மால்ட் வரியை நீக்கி, வரியைப் பீரின் மீதே விதித்தபோது, வீட்டில் வடிப்போரையும் உரிம முறைக்குள் கொணர்ந்தது. ஆறாண்டுகளுக்குப் பின், 1886இல் சென்னை அப்காரிச் சட்டம் கள் இறக்குவதையும் மது வடிப்பதையும் உரிமத்துக்கு உட்படுத்தியது. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு நிலங்களிலும் அடுக்களையின் நொதிகலம் அரசின் கணக்கேட்டில் ஏறியது. அதன் பின் பாதைகள் பிரிந்தன. பிரிட்டன் 1963இல் வீட்டு வடிப்பை உரிமத்திலிருந்து விடுவித்தது. அமெரிக்கா 1978இல் சட்டமியற்றிக் கூட்டாட்சி அளவில் வீட்டு பீருக்கு வழிவிட்டது. இன்றைய சிறுவடிப்பாலை இயக்கத்தின் முதல் தலைமுறையில் பலர் வீட்டு வடிப்பாளராகத் தொடங்கியவர்கள். இந்தியாவில் காலனியச் சட்டத்தின் சட்டகம் விடுதலைக்குப் பிந்தைய மாநிலச் சட்டங்களில் தொடர்ந்தது. அரசின் வருவாய், மதுவிலக்கு அறம், கள்ளச்சாராயச் சாவுகள் எழுப்பிய நியாயமான அச்சம் ஆகிய மூன்றும் அதைத் தாங்கி நிற்கின்றன.

விளைவைப் பெங்களூரிலேயே காணலாம். 2007இல் கர்நாடகம் சாராய விற்பனையைத் தடைசெய்தது. சில ஆண்டுகளுக்குள், 2010ஐ ஒட்டி, தயாரித்த இடத்திலேயே விற்கும் சிறுவடிப்பாலைகளுக்கு அதே மாநிலம் உரிமம் வழங்கத் தொடங்கியது. நகரம் நாட்டின் சிறுவடிப்பாலைத் தலைநகராயிற்று. இரண்டுக்கும் தனித்தனி நியாயங்கள் கூறப்பட்டன. எனினும் உழைப்பாளியின் மலிவான மது சந்தையிலிருந்து நீங்கியதும், உயர் நடுத்தர வர்க்கத்தின் விலையுயர்ந்த பீர் நகரத்தின் பெருமையானதும் அடுத்தடுத்து நிகழ்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் சாராயத்தின் இடத்தில் பீரை வைத்த ராணுவ நிர்வாகத்தின் தர்க்கத்தோடு இதை ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. பெண்கள் தலைமையேற்ற சாராய எதிர்ப்புப் போராட்டங்களின் வலிமையையும், வர்க்கத்துக்கேற்ப மதுவைத் தரம்பிரிக்கும் அரசின் பார்வையையும் ஒருங்கே கணக்கில் கொள்ளாத எந்த விளக்கமும் முழுமையாகாது.

7. கயிறு

தென்னிந்தியாவும் இலங்கையும் ஹாப்ஸை விளைவிக்கவில்லை. ஆயினும் ஹாப்ஸின் வரலாற்றில் அவற்றுக்கு இடமுண்டு. கென்ட்டின் ஹாப்ஸ் தோட்டங்களிலும் அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கிலும் கொடி பற்றி ஏறுவது பெரும்பாலும் தென்னை நார்க்கயிற்றை. அதன் சொரசொரப்பான மேற்பரப்பைக் கொடியின் கொக்கி மயிர்கள் எளிதில் பற்றுகின்றன. அறுவடைக்குப் பின் அது மக்கிவிடுகிறது. யாக்கிமாவின் கயிற்றில் பெரும்பகுதி இலங்கையிலிருந்து செல்வது. கடற்கரைச் சிற்றூர்களில், நீரில் ஊறிய தேங்காய் மட்டையை அடித்து, நார் பிரித்து, திரித்த கைகளில் பெரும்பான்மை பெண்களுடையவை. பீர் வரலாற்று நூல்கள் ஹாட்ஜ்சனின் பெயரை அறியும்; இக்கைகளை அறியா.

ஆகவே, காக்ஸ் டவுன் மாடியில் ஒருவர் தொட்டி வைத்து, கடையில் வாங்கிய தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, ஹாப்ஸ் கொடியை ஏற்றினால், அங்கு நிகழ்வது அயல்நாட்டுப் பழக்கமொன்றின் நகலெடுப்பு மட்டுமன்று. கொடி புதிது, கயிறு பழையது. விளக்கின் துணையால் கொடி பூக்கக்கூடும். அப்பூவைக் கொதிகலத்தில் இடும் உரிமையோ, பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் குடிக்கு இயல்பாக இருந்தது, இன்றைய குடிமகனுக்கு இல்லை. தாவரவியல் தடையை நீக்க மாலையில் நான்கு மணி நேர ஒளி போதும். மற்றத் தடையை ஆராய ஆயத்தீர்வைக் கோப்புகளையும் மதுவிலக்குப் போராட்டங்களின் பதிவுகளையும் வடிப்பாலைத் தொழிலாளர் குடும்பங்களின் நினைவுகளையும் ஒன்றாக வைத்து வாசிக்க வேண்டும். பெங்களூர்த் தண்டின் தமிழ் வரலாற்றை எழுத முனையும் மாணவருக்கு அது நல்லதொரு தொடக்கம்.